காணாமப் போன அந்தத் தங்கச்சியப் பற்றி இங்க துப்பறியிறத நிப்பாட்டணுமா?

உவர்மலையான்:
எல்லாருக்கும் வணக்கம். போன கிழமை நம்ம டவுணுக்குக் கிட்ட ஒரு பொம்பிளை வேலை முடிஞ்சு வீட்ட வரேல்ல எண்டு குடும்பத்தாக்கள் போட்டோவும் போன் நம்பரும் வச்சு ஒரு நோட்டீஸ் போட்டாங்க, நம்ம திருகோணமலை குறூப்ல இருக்கிற நிறையப் பேர் ஷெயார் பண்ணினீங்க, அது நல்ல விசயம். பேரையும் ஊரையும் நான் வேணுமெண்டுதான் இங்க எழுதேல்ல. ஆனா அதுக்குப் பிறகு நடக்கிறது வேற. ஒராள் அவவின்ட பேஸ்புக்க பழசு வரைக்கும் தோண்டி எந்தப் போட்டோவுக்கு எந்தப் பொடியன் லைக் போட்டிருக்கிறான் எண்டு லிஸ்ட் எடுத்துப் போட்டிருக்கிறார். இன்னொராள் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடை ஒண்டின்ட சீசீடீவியில இருந்து ஒரு மங்கல் படத்தக் கொண்டுவந்து, முகமே தெரியாத ஒராளுக்கு வட்டம் போட்டு இதுதான் அவ எண்டு சொல்லி, பக்கத்தில நிண்ட ஓட்டோவின்ட நம்பரப் பெருப்பிச்சுப் போட்டிருக்கிறார். மூண்டாவது ஆள் மெப்ல டச்சுக்குடாவில இருந்து கோணேசர் மலையடி வரைக்கும் அம்புக்குறி கீறி கடல்ல விழுந்திருந்தா எங்க ஒதுங்கும் எண்டு கணக்குப் போட்டிருக்கிறார். அந்தப் பிள்ளைக்குத் தாய் இருக்கிறா. அவட கையிலயும் போன் இருக்கு. அம்புக்குறி அவட கண்ணிலயும் படும். இதெல்லாத்தையும் அட்மின் எடுக்கவேணும், இனிமேலும் விடக்கூடாது எண்டுறது என்ட கருத்து. மற்றாக்களும் சொல்லுங்க.

கடற்பறவை:
அண்ணே மன்னிக்கோணும், நான் நேர் எதிர். லைக் லிஸ்ட், அம்புக்குறி ரெண்டையும் விடுங்க, அது வேலையில்லாத வேலை. ஆனா பொதுவா சனம் தேடக்கூடாது எண்டா அத ஏற்க மாட்டன். அமெரிக்காவில காபி பெட்டிட்டோ எண்ட பிள்ளை 2021ல காதலனோட வேன்ல ஊர் சுத்தப் போனது, செப்டெம்பர் 1 அவன் மட்டும் வேனோட புளோரிடாவுக்கு வந்திட்டான், 11ஆம் திகதி தாய் தகப்பன் முறைப்பாடு குடுத்தாங்க. பெரிய்ய காடு, மாநிலம் மாநிலமா ஓடின பயணம், எங்க எண்டு தேடுறது? வேன்ல பயணம் போய் யூடியூப் போடுற இன்னொரு குடும்பம் தங்கட வீடியோவத் திருப்பிப் போட்டுப் பாத்தாங்க, ஓகஸ்ட் 27 பின்னேரம் வயோமிங்ல ஸ்பிரெட் கிரீக் பக்கம் ரோட்டோரமா அந்த வெள்ளை வேன் நிக்குது. அத விசாரிக்கிற ஆக்களிட்டக் குடுத்தாங்க. செப்டெம்பர் 19 அந்தப் பக்கத்திலதான் உடல் கிடைச்சது. பிந்தியிருந்தா அது கூட கிடைச்சிருக்குமோ தெரியாது. சாதாரண சனம்தானே அண்ணே அது. பொலிஸ்ல என்ட்ரி போட்டுட்டு சும்மா இருங்க எண்டு சொல்லுறது இந்த ஊர்ல இருக்கிற ஆளுக்குச் சொல்லுற கதையா?

உவர்மலையான்:
தம்பி நீங்க சொன்ன கதையிலயே பதில் இருக்கு. அந்தக் குடும்பம் தங்கட கையில இருந்த வீடியோவக் குடுத்தாங்க, தாங்க கண்டதச் சொன்னாங்க. அடுத்தவன்ட போட்டோவுக்கு வட்டம் போடேல்ல. அந்தக் காதலனத் தேடின நேரம் அவனப் போல இருக்கிறான் எண்டு மலையில நடக்கப் போன வேற ஒருத்தனப் பிடிச்சு விசாரிச்ச கதையும் அதே கேஸ்லதான் நடந்தது.

பிரெஸ்டன் திருமலையான்:
நான் பிறந்தது பாலையூற்று, இப்ப இருக்கிறது இங்கிலாந்தில பிரெஸ்டன். இங்க இருந்து வடக்கால கொஞ்சத்தூரம் கார்ல போனா செயின்ட் மைக்கேல்ஸ் ஒன் வயர் எண்டு ஒரு சின்னக் கிராமம். 2023 ஜனவரி 27 காலையில நிக்கோலா புல்லி எண்ட 45 வயசு அம்மா ரெண்டு பிள்ளையளையும் ஸ்கூல்ல விட்டுட்டு நாயோட ஆத்தங்கரையில நடக்கப் போனவ, திரும்பி வரேல்ல. போன் ஒரு வாங்கில கிடந்தது, வேலை மீட்டிங் கோல் அப்பவும் கட் ஆகேல்ல, நாய் தனிய நிண்டது. பொலிஸ் ஒரு கிழமைக்குள்ளயே ஆத்தில விழுந்திருப்பா எண்டுதான் நினைக்கிறம் எண்டு சொல்லிட்டாங்க. சனம் கேக்கேல்ல. போன் ஏன் வாங்கில, நாய் ஏன் நனையேல்ல, அக்கரையில அந்தப் பாழ் வீடு ஏன் பூட்டிக் கிடக்கு, இப்பிடி ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வீடியோ. பிறகு டிக்டொக்காரர் நேராவே வரத் தொடங்கினாங்க, ராவில டோர்ச் அடிச்சுக்கொண்டு லைவ் போட்டாங்க, கிராமத்துச் சனம் பயந்துபோய்ப் பொலிஸ் ஆக்களக் கலைக்க ஓர்டர் போட வேண்டி வந்தது. அவவோட வாழ்ந்த மனுசன, அந்தப் பிள்ளையளின்ட தகப்பன, அவன் முகத்தப் பார் டிவியில அழுறானா நடிக்கிறானா எண்டு உலகம் முழுக்க இருந்து எழுதினாங்க. பெப்ரவரி 19 அதே ஆத்தில ஒரு மைல் கீழ உடல் கிடைச்சது. அதயும் ஒருத்தன் படம்பிடிச்சுப் போட்டான். ஜூன் மாசம் மரண விசாரணையில தவறி விழுந்து மூழ்கினது எண்டு முடிவு, குளிர் தண்ணியில விழுந்த உடன வாற அதிர்ச்சியில மூச்சு இழுபட்டுப் போற விசயத்த டொக்டர்மார் விளங்கப்படுத்தினாங்க. வேற ஒரு ஆளும் சம்பந்தப்படேல்ல.

என்னைச் சுட்டது என்னெண்டா, உடல் அடையாளம் கண்ட அண்டைக்கு அந்தக் குடும்பம் விட்ட அறிக்கையில கூட தகப்பனக் குற்றவாளியாக்கினதப் பற்றி எழுத வேண்டி வந்தது. துக்கத்தச் சொல்லுறதுக்குக் கூட அவங்கள நிம்மதியா விடேல்ல. நம்ம ஆக்கள் தமிழ் யூடியூப்ல அதப் பற்றிப் போட்ட வீடியோவ நான் பாத்தனான், அந்த ஆறும் தெரியாது ஊரும் தெரியாது, ஆனா கள்ளன் ஆர் எண்டு மட்டும் தெரியுமாம்.

கடற்பறவை:
பிரெஸ்டன் அண்ணே, முழுக்கதையயும் சொல்லுங்களேன். அவ ஆத்தில இல்லவே இல்ல எண்டு டிவியில சொன்னது டிக்டொக் பொடியன் இல்ல, சொந்தமா தேடல் கம்பனி வச்சிருந்த ஒரு நிபுணர், தண்ணிக்குள்ள ஒலி அனுப்பிப் பாக்கிற சோனார் கருவி போட்டுத் தேடினவர். மூண்டு கிழமையா பொலிஸ் தேடின ஆத்தில உடலக் கண்டது நடந்துபோன சனம். அவவுக்கு மது பழக்கம், மாதவிடாய் நிக்கிற காலத்து உடம்புப் பிரச்சினை எண்டு நாடு முழுக்கக் கேக்கச் சொன்னது ஆர்? லங்காஷயர் பொலிஸ். அதே வருசம் நவம்பர்ல வந்த மீளாய்வு அறிக்கையில அது தேவையில்லாதது தவிர்த்திருக்கலாம் எண்டு எழுதியிருந்தாங்களா இல்லையா? அப்ப மானத்த வாங்கினது சனம் மட்டும் இல்லயே.

பிரெஸ்டன் திருமலையான்:
எழுதியிருந்தாங்க, மறுக்கேல்ல. ஆனா அவங்க அத ஏன் சொன்னாங்க? ஒவ்வொரு நாளும் வதந்தி பெருகி, ஏதோ மறைக்கிறாங்க மறைக்கிறாங்க எண்டு கத்தின கத்தலுக்குப் பதில் சொல்லப் போய்த்தான் அது வந்தது. பொலிஸ் செய்தது பிழை. அந்தப் பிழைக்குத் தள்ளினது ஆர் எண்டும் பாக்கோணும்.

மூதூர் மீன்காரன்:
அம்புக்குறி கீறின தம்பிக்கு ஒரு வார்த்தை. நான் சின்னதுல இருந்து இந்தக் கடல்ல தொழில் செய்றவன். வாடைக் காத்துக்கு நீர் ஓடுறது ஒரு மாதிரி, கச்சான் காத்துக்கு இன்னொரு மாதிரி, கொட்டியாரக்குடாவுக்குள்ள மாவலி ஆத்துத் தண்ணி வந்து சேருற இடம் வேற, டச்சுக்குடா பக்கம் வேற, துறைமுக வாய்க்குக் கீழ இருக்கிற பள்ளம் சும்மா பள்ளம் இல்ல. கரையில நிண்டு பாக்கிறவனுக்கு மேல்நீர் மட்டும்தான் தெரியும். எங்களுக்கே நேத்து விட்ட வல இண்டைக்கு எங்க கிடக்கும் எண்டு அறுதியாச் சொல்ல ஏலாது. போனில மெப்பத் திறந்து கோடு இழுத்துட்டு இதான் இடம் எண்டா எப்பிடி? அதவிட அந்தப் புள்ள கடல்ல எண்டு உங்களுக்குச் சொன்னது ஆர்? இன்ஷா அல்லாஹ் புள்ள உசிரோட வரும். அது வரைக்கும் கடல இதுக்குள்ள இழுக்காதீங்க.

கன்னியாப் பொடியன்:
எல்லாரும் பெரிய நியாயம் கதைக்கிறீங்க. பொலிஸும் முதல் கேக்கிற கேள்வி ஆரோட தொடர்பு, வீட்டில சண்டையா, போன்ல ஆரோட கதைக்கிறவ எண்டுதானே. அதையே நாங்க கேட்டா மட்டும் பிழையா? நெருப்பில்லாம புகையாது.

நிலாவெளி அக்கா:
தம்பி, கோவம் வருது, ஆனாலும் பொறுமையாவே எழுதிறன். பொலிஸ் கேட்டா அது ஒரு புத்தகத்தில எழுதுப்பட்டு அங்கயே இருக்கும். நீங்க கேட்டா அது சந்தை வரைக்கும் போகும், கோயில் திருவிழா வரைக்கும் போகும், அவட தங்கச்சிக்குக் கலியாணம் பேசப் போற வீடு வரைக்கும் போகும். ஒரு ஆம்பிள காணாமப் போனா கடன் தொல்லையோ வருத்தமோ எண்டு கேக்கிற ஊர், பொம்பிளை எண்டா முதல் கேள்வியே ஆரோட. நான் கனகாலமா பொம்பிளையளுக்கு உதவி செய்யிற வேலையில இருக்கிறன், அதால சொல்லுறன். வீட்ட விட்டுப் போற எல்லாப் பொம்பிளையும் கடத்தப்பட்டவளும் இல்ல, ஓடிப்போனவளும் இல்ல. அடி தாங்கேலாமப் போனவ இருக்கிறா. சம்பளத்தப் பறிச்சு வச்சுக்கொண்டு சோத்துக்கு விடாத வீட்டில இருந்து போனவ இருக்கிறா. விருப்பமில்லாத கலியாணத்துக்குப் பயந்து போனவ இருக்கிறா. இவங்களுக்கு ஒளிச்சிருக்கிற இடம்தான் உயிர். நீங்க எல்லாரும் சேர்ந்து அவ அநுராதபுரச் சந்தியில பஸ் ஏறினா, இந்தக் கலர் சட்டை, இந்த பேக், கொழும்பு ட்ரெயின்ல இருந்தா எண்டு ஒவ்வொரு துண்டாப் பொறுக்கிப் போட்டா அத வாசிக்கிறது நல்ல ஆக்கள் மட்டுமா? அவள அடிச்சவனும் இந்த குறூப்லதான் இருப்பான், அவனுக்கு நீங்க சும்மா இருந்து வழி காட்டுறீங்க.

இந்தப் பிள்ளையின்ட விசயம் அப்பிடி எண்டு நான் சொல்ல வரேல்ல. எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது, அதாலதான் சொல்லுறன். 2005ல வந்த 34ஆம் இலக்க குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கு, நீதவான் நீதிமன்றத்தில பாதுகாப்பு உத்தரவு எடுக்கலாம், 1938க்கு கோல் எடுத்தா பெண்கள் உதவிச் சேவை. வயது வந்த பொம்பிளை ஒருத்தி பொலிசுக்குப் போய் நான் உயிரோட இருக்கிறன், எங்க எண்டு வீட்டில சொல்லாதீங்க எண்டு கேட்டா அது அவட உரிமை. குறூப்ல ஏத்தின படம் அந்த உரிமைய விட்டு வைக்காது.

கன்னியாப் பொடியன்:
அக்கா நான் அவட நடத்தையப் பற்றி எழுதேல்ல.

நிலாவெளி அக்கா:
நெருப்பு புகை எண்டு எழுதினது வேற என்ன தம்பி?

தேடும் தங்கச்சி:
நான் இங்க எழுதுறது குறைவு. என்ட அண்ணன் யுத்த நேரத்தில காணாம ஆக்கப்பட்டவர், அம்மா இப்பவும் ஓகஸ்ட் 30, காணாம ஆக்கப்பட்ட ஆக்களின்ட நாள் எண்டா போட்டோவத் தூக்கிக்கொண்டு ரோட்டில நிப்பா. ரெண்டு பக்கமும் கதைக்கிறதக் கேக்க எனக்கு நெஞ்சுக்குள்ள என்னவோ செய்யுது, அதால எழுதுறன்.

கடற்பறவை சொல்லுறதில உண்மை இருக்கு. எங்களுக்கு ஆரும் தேடித் தரேல்ல. முகாம் முகாமா, சிறைச்சாலை சிறைச்சாலையா நடந்தது அம்மாமார். 2008, 2009ல கொழும்புப் பக்கம் கடத்தின 11 பேரின்ட கேஸ் உங்களுக்குத் தெரியும், திருகோணமலை கடற்படை முகாமுக்குள்ள வச்சிருந்ததா விசாரணையில வந்தது, அந்தக் குடும்பங்கள் விடாமப் பின்னால நிக்காட்டி அது கோட்டு வாசலுக்கே வந்திராது. 2015 நவம்பர்ல ஐநா குழு வந்து அந்த முகாமுக்குள்ள நிலக்கீழ் அறையளப் பாத்துட்டுப் போய்ச் சொன்னதுக்குப் பிறகுதான் இதுகள் வெளியில சத்தமாக் கதைக்கப்பட்டது. அதால, பொலிஸ் பாத்துக்கொள்ளும் நீங்க பேசாம இருங்க எண்டு எனக்கு ஆரும் சொல்லக்கூடாது.

ஆனா மற்றப் பக்கத்தையும் கேளுங்க. எங்கட வீட்ட வந்து உன்ட அண்ணன அங்க கண்டனான், இங்க கண்டனான் எண்டு சொன்ன ஆக்கள் எத்தின பேர். ஒருத்தன் வெலிக்கடைச் சிறையில எண்டான், ஒருத்தன் பூசா முகாமில எண்டான், ஒருத்தன் வெளிநாட்டில எண்டான். ஒவ்வொரு சொல்லுக்கும் அம்மா சாப்பாட்ட விட்டுட்டு பஸ் ஏறினா. ஒருத்தன் காசு குடுத்தா எடுத்துத் தருவன் எண்டான், அம்மா தாலிக்கொடியயும் எங்கட தோட்டையும் அடகு வச்சுக் குடுத்தா, பிறகு அந்த ஆளும் இல்ல போனும் இல்ல. அவன் காசுக்காகச் சொன்னான் எண்டு வைப்பம். காசு வாங்காம உதவி எண்டு நினைச்சு வாய்க்கு வந்ததச் சொன்னாக்களும் இருந்தாங்க, அவங்களும் அம்மாவ அதேபோலத்தான் அலைய விட்டாங்க. இப்ப அந்த அம்மாவுக்கு ஒரு நாளைக்கு நூறு பேர் சொல்லுறாங்க. தயவுசெய்து கண்ணால கண்டத மட்டும் சொல்லுங்க, கண்டவங்க மட்டும் சொல்லுங்க, அதையும் ஊருக்குச் சொல்லாம அவங்களுக்குச் சொல்லுங்க.

மூதூர் மீன்காரன்:
மகளே, உங்கட உம்மாவுக்கு அல்லாஹ் ஆறுதல் குடுக்கட்டும்.

கடற்பறவை:
தங்கச்சி, நீங்க எழுதினத ரெண்டு தரம் வாசிச்சன். அம்மா விசயத்தில என்னால ஒண்டும் சொல்ல ஏலாது. ஆனாலும் ஒரு விசயத்த மட்டும் விடமாட்டன். பொதுவெளியில போடாட்டி சம்பந்தமில்லாதவன் கண்ணில எப்பிடிப் படும்? 1968ல அமெரிக்காவில கென்டக்கியில கூடாரத் துணியில சுத்தின ஒரு பொம்பிளையின்ட உடல் கிடைச்சது, ஆர் எண்டே தெரியாம பேரில்லாத கல்லறையில முப்பது வருசம் கிடந்தா. டொட் மத்தியூஸ் எண்ட ஒரு ஃபக்டரித் தொழிலாளி, அந்த உடலக் கண்டெடுத்தவரின்ட மருமகன், வேலை முடிஞ்சு வந்து ஒவ்வொரு ராவும் இன்டர்நெட்ல தேடித்தேடி, அக்காவக் காணேல்ல எண்டு ஒரு தங்கச்சி எங்கயோ எழுதி வச்சிருந்ததக் கண்டுபிடிச்சான். 1998ல டிஎன்ஏ பாத்தாங்க, சரி. அந்தத் தங்கச்சி பொதுவில எழுதி வைக்காட்டி? அந்த மனுசன் துப்பறியாட்டி?

சட்டம் படிச்சவள்:
கடற்பறவை அண்ணா, அந்த உதாரணம் நல்ல உதாரணம், ஆனா அதில எவனையும் குற்றவாளி எண்டு அவர் எழுதேல்ல. பேரில்லாத ஒருத்திக்குப் பேர் தேடினார். குடும்பம் தாங்களாப் பொதுவில போட்டதோட பொருத்திப் பாத்தார், உரிய ஆக்களிட்டக் குடுத்தார். இங்க நடக்கிறது பேர் இருக்கிற ஆக்கள எடுத்துக் கூண்டில ஏத்துறது. இதயும் அதயும் ஒரே தராசில வைக்கேலாது.

சட்டப்பக்கம் கொஞ்சம் சொல்லுறன், ஏனெண்டா இத ஆரும் யோசிக்கிறதாத் தெரியேல்ல. நாளைக்கு இது ஒரு குற்றம் எண்டு வந்தா, சந்தேகநபரை சாட்சிக்காரர் நீதவான் முன்னால அடையாள அணிவகுப்பில காட்ட வேண்டி வரும். அந்த முகமோ அந்த ஓட்டோவோ ஏற்கனவே ஊர் முழுக்க போன்ல ஓடியிருந்தா எதிர்த்தரப்பு சட்டத்தரணி கேக்கப்போற முதல் கேள்வி, நீங்க இவரக் கண்டது அண்டைக்கா இல்ல பேஸ்புக்லயா எண்டு. உண்மையாவே கண்ட சாட்சிக்காரியும் அதில தடுமாறுவா. உண்மையான குற்றவாளி தப்பிப் போறதுக்கு நீங்க போட்ட வட்டமே காரணமாகலாம். சாட்சிக்காரரின்ட ஞாபகமும் அப்பிடித்தான், அவ நீலச் சட்டை எண்டு நூறு கொமென்ட் வாசிச்சவன் பிறகு தானே நீலச் சட்டையக் கண்டதா நம்புவான், பொய் சொல்லாமலே.

அவதூறு விசயம். இலங்கையில குற்றவியல் அவதூறு 2002ல எடுத்தாச்சு, அதால சிறை இல்ல, எதையும் எழுதலாம் எண்டு நினைக்கிறீங்க. சிவில் வழக்கு அப்பிடியே இருக்கு, நட்டஈடு கேக்கலாம். 2024ஆம் ஆண்டு 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தில பொய்யான கூற்றுப் பற்றின பிரிவுகள் இருக்கு, அந்தச் சட்டம் பேச்ச அடக்கிறதுக்குப் பாவிக்கப்படும் எண்டு நானும் எதிர்த்துக் கையெழுத்துப் போட்டவள், இப்பவும் எதிர்க்கிறன். ஆனா நாங்களே இப்பிடி நடந்தா அந்தச் சட்டத்துக்கு நாங்களே நியாயம் குடுத்தமாதிரி. அமெரிக்காவில 2022 நவம்பர்ல ஐடஹோவில நாலு மாணவர்கள் கொலை செய்யப்பட்ட கேஸ்ல, ஒரு டிக்டொக் பொம்பிளை சம்பந்தமே இல்லாத ஒரு பேராசிரியையக் கொலைகாரி எண்டு வீடியோ வீடியோவாப் போட்டா, பொலிஸ் வேற ஒருத்தனப் பிடிச்ச பிறகும் நிப்பாட்டேல்ல. பேராசிரியை வழக்குப் போட்டா, 2024ல நீதிபதி அது அவதூறுதான் எண்டு தீர்த்திட்டார்.

உவர்மலையான்:
இன்னொண்டும் இருக்கு பிள்ளை, 2013 ஏப்ரல் பொஸ்டன் குண்டுவெடிப்பு. அதுக்கு ஒரு மாசத்துக்கு முந்தியே காணாமப் போன ஒரு மாணவன, இந்திய வம்சாவளிப் பொடியன், இவன்தான் குண்டு வச்சவன் எண்டு ரெடிட் எண்ட இன்டர்நெட் தளத்தில இருந்து கிளப்பி விட்டாங்க. அவன்ட குடும்பம் அவனத் தேடுறதுக்கெண்டு ஒரு பேஸ்புக் பக்கம் வச்சிருந்தாங்க. அதுக்குள்ள வந்து வசை வசையா எழுதினதில அவங்க அந்தப் பக்கத்தையே மூட வேண்டி வந்தது. விளங்குதா, பிள்ளையத் தேடுற பக்கத்த மூட வச்சாங்க. அந்தப் பொடியன் ஆத்தில பிணமாக் கிடைச்சான், குண்டுக்கும் அவனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.

ஸ்டாண்ட் பக்கத்துக் கடைக்காரர்:
இவ்வளவு நாளும் வாசிச்சுக்கொண்டிருந்தனான், இனி எழுதாம இருக்கேலாது. அந்த வட்டம் போட்ட படம் எங்கட கடை கமராவில இருந்து வந்தது. நான் குடுக்கேல்ல. பொலிஸ் வந்து பாத்துக்கொண்டிருந்த நேரம் கடையில நிண்ட ஒரு பொடியன் ஸ்கிரீனத் தன்ட போன்ல படமெடுத்திருக்கிறான். எல்லாரும் அதில இருக்கிற நேரத்தப் பாத்து 6.40க்கு அவ இங்க, 6.40க்கு ஓட்டோ இங்க எண்டு எழுதுறீங்க. எங்கட மெஷின்ட மணிக்கூடு பிழை. 2022ல விடிய விடிய கரண்ட் போய்ப் போய் வந்ததில ஒருக்கா நேரம் மாறினது, பிறகு நாங்க திருத்தேல்ல, உண்மை நேரத்தில இருந்து ஒண்டரை மணித்தியாலம் முன்னால ஓடுது. அப்ப படத்தில 6.40 எண்டு இருக்கிறது உண்மையில 5.10. அந்தப் பிள்ளை வேலை விட்டு வெளிக்கிட்டதே 6 மணிக்குப் பிறகு எண்டு குடும்பத்தாக்கள் நோட்டீஸ்லயே போட்டிருக்கிறாங்க. அப்ப அந்த வட்டத்துக்குள்ள நிக்கிறது ஆரோ ஒரு பொம்பிளை, அந்த ஓட்டோக்காரன் ஆரோ ஒரு பாவி. பொலிசுக்கு அண்டைக்கே நேரம் பிழை எண்டு சொல்லி எழுதியும் குடுத்தாச்சு. உங்களுக்கு அது தெரியாது, ஏனெண்டா ஒருத்தரும் கடைக்கு வந்து கேக்கேல்ல.

நிலாவெளி அக்கா:
அந்த ஓட்டோத் தம்பி ரெண்டு நாளா ஸ்டாண்டில நிக்கேல்ல எண்டு சொன்னாங்க. ஸ்கூல் பிள்ளையள ஏத்தி இறக்கிற ஹயரும் பெற்றார் வேண்டாம் எண்டிட்டாங்களாம். வட்டம் போட்டவர் இதுக்கு என்ன சொல்லுறார்?

கன்னியாப் பொடியன்:
வட்டம் போட்டது நான் இல்ல. ஆனா போட்டவர் நல்லது நினைச்சுத்தான் போட்டிருப்பார்.

உவர்மலையான்:
நல்லது நினைச்சவர் வந்து இப்ப நம்பரத் தப்பாப் போட்டன் எண்டு அதே அளவுப் பெரிய எழுத்தில எழுதட்டும். அந்தப் போஸ்ட ஷெயார் பண்ணினாக்களும் எழுதட்டும்.

கடற்பறவை:
கடைக்காரர் அண்ணே, நேர விசயம் எனக்குத் தெரியாது, சொன்னதுக்கு நன்றி. அந்தப் போஸ்ட எடுக்கோணும், அதில எனக்கு மறுப்பில்ல. ஆனா என்ட கேள்வி அப்பிடியே நிக்குது. உங்கட கமராவ பொலிஸ் வந்து பாத்தாங்க. மற்றக் கடையளின்ட கமராவப் பாத்தாங்களா? வீட்டாக்கள் முறைப்பாடு குடுக்கப் போன முதல் நாள் 24 மணித்தியாலம் பொறுத்துப் பாருங்க, சிநேகிதி வீட்ட நிப்பா எண்டு சொல்லி அனுப்பின கதையும் இதே குறூப்லதான் வந்தது. அப்பிடி நடக்கேக்க சனம் கத்தாம எப்பிடி இருக்கிறது?

சட்டம் படிச்சவள்:
24 மணித்தியாலம் பொறுக்கோணும் எண்டு சட்டத்தில எங்கயும் இல்ல, அண்டைக்கே என்ட்ரி போடச் சொல்லிக் கேக்கலாம், போட்டதின்ட துண்டு எடுக்கலாம். என்ட்ரி எடுக்காட்டி ஓஐசிக்கு (பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி) மேல ஏஎஸ்பியிட்ட (உதவிப் பொலிஸ் அத்தியட்சகர்) போகலாம், மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு 1996 இருக்கு. கத்துறதெண்டா இதுக்குக் கத்துங்க, நானும் வாறன். ஏன் போன் டவர் விபரம் எடுக்க நீதிமன்றத்துக்குப் போகேல்ல எண்டு கேளுங்க, அதில ஒருத்தரின்ட மானமும் போகாது. சனம் சேர்ந்து கேட்டா அசையிற விசயம் இதுதான்.

கமரா விசயத்தில கடற்பறவை அண்ணா சொல்லுறது சரி, அவசரமும் கூட. கடையளில இருக்கிற மெஷின்கள் பழைய பதிவுக்கு மேலயே புதுசப் பதியும், ஹார்ட்டிஸ்க் சின்னதெண்டா ஒரு கிழமை ரெண்டு கிழமையில போயிடும். நோட்டீஸ் வந்து ஏற்கனவே ஒரு கிழமை. இப்ப செய்யவேண்டியது கடை கடையாப் போய் அண்டைய பதிவ அழியாம எடுத்து வைங்க, மணிக்கூடு சரியா எண்டு பாத்து எழுதி வைங்க, பொலிசுக்கோ குடும்பத்துக்கோ மட்டும் குடுங்க எண்டு சொல்லுறது. நாங்க பாக்கத் தேவையில்ல, படமெடுக்கத் தேவையில்ல.

அட்மின்:
எல்லாத்தையும் வாசிச்சாச்சு. லைக் லிஸ்ட், ஓட்டோ நம்பர், மெப் மூண்டையும் மறைக்கிறன். அழிக்கேல்ல, பொலிஸ் கேட்டாக் குடுக்க வேண்டி வரும். குடும்பத்தின்ட நோட்டீஸ் மட்டும் மேல நிக்கும், கீழ கொமென்ட் பூட்டியிருக்கும், கண்டவங்க நோட்டீஸ்ல இருக்கிற நம்பருக்கோ 119க்கோ எடுங்க. பிள்ளை கிடைச்ச உடன குடும்பம் சொன்னா போட்டோவையும் எடுத்துருவம்.

கன்னியாப் பொடியன்:
இது சரியில்ல. மறைச்சா சனம் மறந்திடும், ரெண்டு நாளில வேற கதை வந்திடும். கொமென்ட் ஓடினாத்தான் போஸ்ட் எல்லாருக்கும் தெரியும்.

தேடும் தங்கச்சி:
மறக்காம இருக்க எங்களுக்குத் தெரியும் தம்பி. நோட்டீஸ ஒவ்வொரு நாளும் காலையில நீங்களே திருப்பி ஷெயார் பண்ணுங்க, நானும் பண்ணுறன். கதை எழுதாம ஷெயார் பண்ணினாலும் அது ஓடும்.

கடற்பறவை:
கொமென்ட் பூட்டுறதில எனக்கு இன்னும் உடன்பாடில்ல, அத எழுதி வைக்கிறன். ஆனா கமரா வேலைய நான் செய்யிறன். நாளைக்கு லீவு, பஸ் ஸ்டாண்டில இருந்து மணிக்கூட்டுக் கோபுரச் சந்தி வரைக்கும் ரெண்டு பக்கமும் போறன், ஆராவது கூட வாறதெண்டா சொல்லுங்க. கடைக்காரர் அண்ணே, ஆர் ஆரிட்டக் கமரா இருக்கு எண்டு உங்களுக்குத் தெரியும்தானே?

ஸ்டாண்ட் பக்கத்துக் கடைக்காரர்:
தெரியும். பார்மசியில ஒண்டு நேரா ரோட்டப் பாத்து இருக்கு, அவர் எட்டரைக்குத் திறப்பார். கொமினிகேசன் கடையிலயும் இருக்கு, ஆனா அவன்ட ஹார்ட்டிஸ்க் சின்னது, அதால முதல்ல அவனிட்டப் போங்க. நான் இப்ப அவனுக்கு ஒரு கோல் எடுத்து ராவே மெஷின நிப்பாட்டி வைக்கச் சொல்லுறன்.